யந்திரங்களின் அஞ்ஞாதவாசம்

பாரதத்தில் பாண்டவர்கள் விராட நகரத்துக்குள் நுழைவதற்கு முன் ஆளுக்கொரு வேஷத்தைத் தேர்ந்துகொள்ளும் பகுதி, யுத்த பருவங்களைவிட எனக்கு எப்போதுமே சுவாரஸ்யமாக இருந்திருக்கிறது. பீமன் சமையற்காரன். நகுலன் குதிரைக்காரன். சகாதேவன் மாட்டுக்காரன். ஒவ்வொருவனும் தன் சுபாவத்தில் ஏற்கனவே இருக்கிற ஒன்றைத்தான் வேஷமாக எடுத்துக்கொள்கிறான். கூடவே அது அரண்மனைக்காரர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்காத உத்தியோகமாகவும் இருக்கிறது. ஆயுதங்களை ஒளிக்கும்போது மட்டும் முறை வேறு. வன்னி மரத்தின் மேல் அவற்றை வைத்து, பக்கத்தில் ஒரு பிணத்தையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். யாரும் கவனிக்காததாக இருப்பது ஒருவகை மறைவு. யாரும் கிட்டே வர அஞ்சுவதாக இருப்பது இன்னொரு வகை.

நான் எழுத வந்தது பாரதத்தைப் பற்றி அல்ல. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்களைப் பற்றி. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த உயிருள்ள யந்திரங்கள், கார் என்றும் லாரி என்றும் விமானம் என்றும் உருமாறி அமெரிக்காவில் ஒளிந்திருப்பதாகக் கற்பிக்கும் படங்கள். நடிகர்களை வைத்து எடுத்தவை மட்டும் 2007-லிருந்து 2023 வரை ஏழு. பெரும்பாலும் இரைச்சல், ஒரு காட்சியை நின்று பார்க்க விடாத காமிரா. நம் சூழலில் ஸினிமா பற்றி எழுதுகிறவர்கள் இவற்றை ஒற்றை வரியில் தள்ளிவிடுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இந்தப் படங்களின் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. எந்தக் கதைக்காரனும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. ஒரு தெருவில் எதை நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்? இதற்கு நாற்பது வருஷங்களாகத் தரப்பட்டுவந்திருக்கிற பதில்களை வரிசையாகப் பார்த்தால், வெகுஜனக் கலை தெருவை எப்படி அறிந்திருந்தது, பிறகு எப்படி அறியாமல் போயிற்று என்ற சரித்திரம் தானாகவே கிடைக்கிறது.

(நம் ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் தெரு முனையில் மண்டையோட்டுப் பலகையுடன் நிற்கும் மின்வாரியப் பெட்டிதான். அதையும் யாரும் பார்ப்பதில்லை. அதனடியில் குப்பை கொட்டுவார்கள்.)

செஸ்டர்டனின் துப்பறியும் பாதிரியார் கதைகளில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றியது. காவலுக்கு நின்றவர்கள் எல்லோரும் யாருமே வரவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். வந்தவன் தபால்காரன். பொய் சொல்லவில்லை அவர்கள். தபால்காரனை ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 1911-ல் வெளிவந்த தொகுதியில் இருக்கிற கதை. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. பாஸ் புத்தகத்தை நீட்டும் கைகள் தினமும் வருகின்றன. அதே ஆளை மறுநாள் கடைவீதியில் பார்த்தால் அவருக்கு என்னைத் தெரிவதில்லை. மாறுவேடம் என்பது வேஷம் போடுகிறவனின் திறமையைப் பொறுத்த விஷயம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது பார்க்கிறவர்களின் அசிரத்தையைப் பொறுத்தது. ஆகவே தேர்ந்தெடுக்கிறவன் படிக்க வேண்டியது அசிரத்தையைத்தான்.

ரோபோக்களுக்கு முன்பே ஹாலிவுட் இதைப் படித்திருக்கிறது. இரண்டு படங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது 1968-ல் டிஸ்னி எடுத்த 'தி லவ் பக்'. தானாக யோசிக்கும், கோபித்துக்கொள்ளும், காதலுக்குத் தூது போகும் ஒரு சிறிய கார். எந்தக் காரை நடிக்க வைப்பது என்று தீர்மானிக்க ஸ்டூடியோ வாசலில் பல கார்களை நிறுத்தி வைத்தார்களாம். போகிற வருகிற ஊழியர்கள் மற்ற கார்களின் டயரை உதைத்தார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். வோக்ஸ்வேகன் பீட்டிலை மட்டும் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்டூடியோக்கள் இப்படிப்பட்ட கதைகளை ஜோடிப்பதில் சமர்த்தர்கள்தான். ஆனால் இந்தக் கதையில் ஒரு பரிசோதனை முறை இருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கிறது. காரைப் பார்க்காமல், காரைக் கடந்து போகிற மனிதர்களைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு விஷயம்: அந்தப் படத்தில் வோக்ஸ்வேகன் என்ற பெயர் எங்குமே வராது. கம்பெனி அனுமதிக்கவில்லை. கதாநாயகன் பெயரில்லாத, சின்னமில்லாத கார். பின்னால் வரப்போவதை நினைக்கும்போது இந்தப் பெயரின்மை ஒரு பாக்கியம் என்றே படுகிறது.

இரண்டாவது, 1971-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'டூயல்'. கலிஃபோர்னியாவின் வறண்ட சாலையில் ஒரு சாதாரண விற்பனைப் பிரதிநிதியை ஒரு டாங்கர் லாரி துரத்துகிறது. ஏன் என்று தெரியாது. டிரைவரின் முகம் கடைசி வரை காட்டப்படுவதில்லை. ஒரு கை, ஒரு ஜோடி பூட்ஸ், அவ்வளவுதான். ஸ்பீல்பெர்க் பல லாரிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்து, 1950களின் பழைய பீட்டர்பில்ட் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். நீண்ட மூக்கும் இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடியும் அதற்கு ஒரு முகத்தைத் தந்தன என்பது காரணம். துருவும் எண்ணெய்க் கறையும் பூசிய அந்த லாரி, ஊருக்கு ஊர் ஓடும் எந்த லாரியாகவும் இருக்கலாம். பயம் அங்கிருந்துதான் வருகிறது. இந்த மனிதர்தான் முப்பத்தாறு வருஷங்கள் கழித்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர். அந்தப் படத்தின் நல்லவர் தலைவனும் ஒரு பீட்டர்பில்ட் லாரி. பூதம் ரட்சகனாகிவிட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகச் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருத்தம்.

கதையின் மூலம் அமெரிக்காவில் இல்லை. ஜப்பானில், ஒரு பொம்மைக் கம்பெனியில். டகாரா நிறுவனம் 1980-ல் டயக்ளோன் என்ற வரிசையைத் தொடங்கியது. 1982-ல் அதில் கார் ரோபோக்கள் வந்தன. ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சிறுத்த நிஜக் கார்கள்; பிரித்து மடக்கினால் ரோபோ. லாம்போர்கினி கௌன்டாஷும் லான்ஸியா ஸ்ட்ராட்டஸும் இதில் இருந்தது 1970களின் பிற்பகுதியில் ஜப்பானியச் சிறுவர்களைப் பிடித்து ஆட்டிய ஸூப்பர் கார் மோகத்தின் மிச்சம். ஆனால் அதே வரிசையில் நிஸ்ஸான் செர்ரி வானெட் என்ற வேனும் இருந்தது. ஜப்பானில் அது பண்டங்கள் ஏற்றும், பிள்ளைகளை ஏற்றும், மழையில் வாசலில் நிற்கும் வண்டி. சிறுவனின் கனவில் வருவது லாம்போர்கினி, அவன் அப்பாவின் கடைவாசலில் நிற்பது வானெட். இரண்டையும் ஒரே பெட்டி வரிசையில் வைக்கத் தெரிந்திருந்தது டகாராக்காரர்களுக்கு. இந்தப் பொம்மைகளுக்குள் விரல் நக அளவில் ஒரு மனிதப் பொம்மை உட்கார இடமிருந்தது. டயக்ளோன் ரோபோக்கள் உயிருள்ளவை அல்ல, மனிதன் ஓட்டுபவை.

அதே கம்பெனியின் இன்னொரு வரிசை மைக்ரோசேஞ்ச், 1983. இதன் கற்பனை வேறு. இங்கே ரோபோக்களே பொம்மை அளவுதான். ஆகவே அவை வீட்டில் இருக்கிற சாமான்களாக, நிஜ அளவிலேயே ஒளிந்துகொள்கின்றன. காஸெட் பிளேயர், மைக்ராஸ்கோப், கைத்துப்பாக்கி. ஒரு சின்ன வோக்ஸ்வேகனும் உண்டு. அது வோக்ஸ்வேகன் காராக ஒளிந்திருக்கவில்லை. வோக்ஸ்வேகன் பொம்மையாக ஒளிந்திருந்தது. வீடு முழுக்கப் பொம்மைக் கார்கள் இறைந்து கிடக்கும்போது இன்னொரு பொம்மைக் காரை யார் கவனிப்பார்கள்? இந்த நாற்பது வருஷச் சரித்திரத்தில் இதைவிடச் சுத்தமான மாறுவேடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கக் கம்பெனி இரண்டு வரிசைகளையும் வாங்கி, கலந்து, 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ஒரே பெயரில் விற்றது. கதை எழுதும் பொறுப்பு மார்வெல் காமிக்ஸுக்கு. அங்கே பாப் புடியான்ஸ்கி என்ற ஆசிரியர் பெரும்பாலான யந்திரங்களுக்குப் பேரும் சுபாவமும் எழுதினார். மாறுவேடம் என்ற வார்த்தை விளம்பரத்திலேயே இடம்பெற்றது. ஜப்பானியப் பொம்மையிலிருந்து டிரைவரை இறக்கிவிட்டார்கள். யந்திரத்துக்கே உயிர் வந்தது. பொம்மையின் உள்ளே இருக்கை மட்டும் காலியாக மிஞ்சியது. இந்தக் காலி இருக்கை பின்னால் தொந்தரவு கொடுக்கப்போகிறது.

கலந்ததில் இன்னொரு தொந்தரவும் வந்தது. லாரியும் கைத்துப்பாக்கியும் எழுந்து நின்றால் ஒரே உயரம். 1984 செப்டம்பரில் தொடங்கிய கார்ட்டூன் தொடரில் கெட்டவர் தலைவன் மெகட்ரான் கட்டிட உயரத்திலிருந்து சுருங்கி ஒருவன் கையில் அடங்கும் துப்பாக்கியாகிறான். ஸௌண்ட்வேவ் பலமாடி உயரத்திலிருந்து மேஜை மேல் வைக்கும் டேப் ரிக்கார்டராகிறான். லாரி உருமாறும்போது டிரெய்லர் எங்கே போகிறது, எங்கிருந்து திரும்பி வருகிறது என்று எழுதியவர்களுக்கே தெரியாது. குழந்தைகள் இதையெல்லாம் மன்னித்தார்கள். தேசங்களுக்கிடையிலான வித்தியாசத்தைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானில் வாசலில் நிற்கும் அந்த நிஸ்ஸான் வேன், 1984-ல் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. அதாவது, ரொம்பச் சாதாரணமாக இருப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட வண்டி, கடல் தாண்டியதும் தெருவிலேயே ஒற்றை வண்டியாகிவிட்டது. சாதாரணம் என்பது மொழி மாதிரி. ஊர் எல்லையைத் தாண்டினால் அர்த்தம் போய்விடுகிறது. மாறாக, அந்தச் சின்ன வோக்ஸ்வேகனுக்கு அதிர்ஷ்டம். அமெரிக்காவில் மூடிய பீட்டிலின் விற்பனை 1977-ல் நின்றுபோயிருந்தாலும், பழைய வண்டிகள் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. பொம்மையாக ஒளிந்திருந்தவன் பம்பிள்பீ என்ற பெயரில் நிஜ பீட்டிலாக அங்கே பொருந்திவிட்டான்.

மார்வெல் காமிக்ஸின் முதல் இதழில் இதைப் பற்றிய ஒரு நல்ல ஊகம் இருக்கிறது. பூமியில் விழுந்து கிடந்த கப்பல், எரிமலை வெடிப்பில் விழித்துக்கொண்டு, இந்தக் கிரகத்தின் ஜீவராசிகள் எவை என்று ஆராய்கிறது. சாலைகளைப் பார்க்கிறது. யந்திரங்கள்தான் இங்கே உயிருள்ளவை என்று முடிவுகட்டி, அடிபட்ட ரோபோக்களுக்கு அவற்றின் உருவங்களைக் கொடுத்துவிடுகிறது. ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தைவிட, ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணம். 1984-ன் அமெரிக்காவை வானத்திலிருந்து பார்த்தால் இந்த முடிவு அத்தனை அபத்தமும் அல்ல. அதே இதழில், காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர் ஒன்றில் பம்பிள்பீ அடிபடுகிறான். ஒரு பையன் அவனைத் தன் அப்பாவின் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோகிறான். மஞ்சள் பூசிய ஒரு சின்னக் கார் ரிப்பேருக்கு வந்திருக்கிறது என்றுதான் உலகம் நினைக்கும். இந்த இடத்தில், மலிவான காகிதத்தில், சிறுவர்களுக்காக அச்சிட்ட ஒரு கதையில், யதார்த்தத்தின் மேல் ஒரு கால் உறுதியாக ஊன்றப்பட்டிருக்கிறது.

1986-ல் வந்த முழு நீள கார்ட்டூன் படம் அந்தக் காலை எடுத்துவிட்டது. கதை 2005-ல் நடப்பதாக வைத்தார்கள். பழைய பொம்மைகள் விற்றுத் தீர்ந்தாகிவிட்டது. புதிய பொம்மைகளுக்கு அலமாரியில் இடம் வேண்டும். ஆகவே முதல் அரை மணி நேரத்துக்குள் ஒரு படுகொலை. யார் சாகிறார்கள் என்று பாருங்கள். வானெட் வேன்களான அயர்ன்ஹைடும் ராட்செட்டும் சாகிறார்கள். போலீஸ் வர்ணம் பூசிய நிஸ்ஸானான ப்ரௌல் சாகிறான். பிறகு லாரியும். அவர்கள் இடத்தில் வருகிறவர்கள், எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, எந்தத் தெருவிலும் ஓடாத எதிர்காலக் கார்கள். மாறுவேடம் என்ற விளம்பரச் சொல் மட்டும் மிச்சமிருந்தது. கிரகங்களை விழுங்கும் வில்லனுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்ஸன் வெல்ஸ். அவர் நடித்த கடைசிப் படம் இது. 'சிட்டிஸன் கேன்' எடுத்தவரின் கடைசி வேலை ஒரு பொம்மைக்குப் பேசியது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அவர் குரல் அதில் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த இருபது வருஷங்களை விட்டுவிடலாம். 2007-க்கு வருகிறேன்.

மைக்கேல் பே டைரக்ட் செய்த முதல் படத்துக்கு ஸ்பீல்பெர்க் தந்ததாகச் சொல்லப்படும் கரு, ஒரு பையனும் அவனுடைய முதல் காரும். எளிமையான, சரியான கரு. முதல் கார் என்பது எப்போதுமே யாரோ ஒருவர் ஓட்டிக் கழித்த கார். படத்தில் பையன் பழைய கார் விற்கும் இடத்துக்கு அப்பாவோடு போகிறான். அங்கே 1970களின் மங்கிய மஞ்சள் காமரோ நிற்கிறது. பக்கத்தில் ஒரு மஞ்சள் பீட்டில். கடைக்காரன் பீட்டிலைத் தள்ளிவிடப் பார்க்கும்போது காமரோ தன் கதவைத் தானே வீசித் திறந்து பீட்டிலின் விலாவை நசுக்குகிறது. பழைய ரசிகர்களுக்கான ஹாஸ்யம் என்று சொல்வார்கள். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. ஒரு தேர்வு இன்னொரு தேர்வைக் கொலை செய்வதை, படமே ஒப்புக்கொண்டு காட்டுகிற இடம் இது. பீட்டில் தனக்கு 'லவ் பக்'கை ஞாபகப்படுத்துவதால் அதை வேண்டாமென்று வைத்ததாக பே சொன்னார். ஞாபகப்படுத்தினால் என்ன? ஞாபகங்களால் ஆனதுதானே தெரு.

ஜெனரல் மோட்டார்ஸோடு ஒப்பந்தம். நல்லவர்கள் பக்கத்தில் லாரி நீங்கலாக எல்லோரும் அந்தக் கம்பெனியின் வண்டிகள். காமரோ, பான்டியாக் ஸால்ஸ்டிஸ், ஜிஎம்ஸி டாப்கிக், ஹம்மர் எச்2. இவற்றில் ஸால்ஸ்டிஸ் இரண்டு பேர் உட்காரும் விளையாட்டுக் கார். டாப்கிக், மராமத்து இலாகாவுக்குரிய கனரக வண்டியைக் கறுப்புப் பளபளப்போடு சிங்காரித்தது. நான்கையும் சேர்த்து ஒரு தெருவில் நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். படத்தின் நடுவில் நடப்பது இன்னும் விசித்திரம். பெண் ஒருத்தி பழைய காமரோவைக் கேலி செய்கிறாள். ரோஷம் வந்த பம்பிள்பீ அவளை இறக்கிவிட்டுப் போய், புத்தம் புதிய காமரோவாக உருமாறித் திரும்பி வருகிறான். அந்தப் புதிய காமரோ அப்போது உலகத்தில் எந்தத் தெருவிலும் இல்லை. பழைய காமரோவின் உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. புதியதன் மாதிரி மட்டும் 2006 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது. விற்பனைக்கு வந்தது 2009-ல். ஆக, ஒளிந்திருக்க வேண்டியவன், யாருமே வாங்கியிராத, வாங்கவே முடியாத ஒரு காராக ஒளிந்திருக்கிறான். படப்பிடிப்புக்கே அந்தக் கார் கிடையாது. பான்டியாக் ஜிடிஓ ஒன்றின் சேஸிஸ் மேல் காமரோவின் பாடியைக் கட்டி ஓட்டினார்கள். திரையில் மாறுவேடம் போட்ட நிஜமான யந்திரம் அந்த ஜிடிஓ ஒன்றுதான். அதற்குப் பட்டியலில் பேர் கிடையாது.

இதைத்தான் நான் மூன்றாவது வகை என்று சொல்வேன். சமையற்கட்டுப் பீமன் போலக் கவனத்துக்கு வராமல் இருப்பதும் இல்லை; வன்னி மரத்துப் பிணம் போலப் பயமுறுத்தி விலக்குவதும் இல்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவது. அதற்கு ஷோரூம் என்று பெயர். வியாபாரிகளை நான் குறை சொல்லவில்லை. கார் விற்பது அவர்கள் தொழில். ஆனால் ஒளிதலைப் பற்றிய கதையில் ஒளிதலே இல்லாமல் போவது கலையின் தோல்வி. தெருவின் பக்கமிருந்து பார்க்க வேண்டிய கண், விற்பனையாளனின் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டது. 2009 ஜூன் முதல் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு போட்டது. அதே மாதம் இரண்டாம் பாகம் வெளியானது. பான்டியாக், ஹம்மர் இரண்டு பெயர்களும் அதையடுத்து மூடப்பட்டன. திரையில் அழியாத யந்திரங்கள் கிரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

லாரி விஷயத்தில் பழைய ரசிகர்கள் பே மீது போட்ட சண்டை நியாயமற்றது என்று நினைக்கிறேன். 1984-ன் ஆப்டிமஸ் ப்ரைம் மூக்கில்லாத லாரி. எஞ்சினின் மேலேயே டிரைவர் உட்காரும் தட்டை முகம். 2007-ல் மூக்கு நீண்ட பீட்டர்பில்ட் 379 வந்தது. பே தரப்பின் காரணம் கணக்கு சம்பந்தப்பட்டது. உருமாறும்போது யந்திரம் சுருங்கவோ பெருக்கவோ கூடாது என்று இந்தப் படத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் 10,108 பாகங்களாகச் செய்த அந்த ரோபோ இருபத்தெட்டு அடி நிற்க வேண்டுமானால் அவ்வளவு உலோகமுள்ள லாரி வேண்டும். இந்தக் கட்டுப்பாடு மெச்சத்தக்கது. மெகட்ரான் துப்பாக்கியாக இல்லாமல் போனதும் இதனால்தான். ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது, சண்டை போட்டவர்கள் யோசிக்காதது. அமெரிக்காவில் மூக்கில்லாத லாரிகள் பெருகியிருந்ததற்குக் காரணம் வண்டியின் மொத்த நீளத்துக்கு இருந்த சட்ட வரம்பு. மூக்கைக் குறைத்தால் சரக்குக்கு இடம் கூடும். 1982-ன் சட்டம் பெருஞ்சாலைகளில் அந்த வரம்பை எடுத்துவிட்டது. அதன்பின் மூக்கு வளர்ந்தது. 2007-ல் மூக்கில்லாத லாரியைத்தான் மக்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நியாயமான தேர்வு, பொம்மையின் ஞாபகத்துக்கு எதிரானதாக இருந்தபோதிலும். அதன்மேல் ஏன் தீச்சுவாலை வரைந்தார்கள் என்று மட்டும் கேட்கலாம்.

அந்தப் படத்தில் தேர்வு உண்மையிலேயே கூர்மையாக இருப்பது கெட்டவர்கள் பக்கத்தில். பாரிகேட் என்பவன் போலீஸ் கார். உடம்பு ஸலீன் கம்பெனி மாற்றியமைத்த ஃபோர்ட் மஸ்டாங். (நல்லவர்கள் எல்லாம் ஒரு கம்பெனி என்றால் கெட்டவன் போட்டிக் கம்பெனியாக இருப்பது இயல்புதான்.) அப்போது அமெரிக்கப் போலீஸ் பெரும்பாலும் ஓட்டியது பெரிய, மந்தமான க்ரௌன் விக்டோரியாக்களை. மஸ்டாங் பந்தயத்துக்குரிய வண்டி. ஆனால் கறுப்பு வெள்ளை வர்ணமும் தலையில் விளக்கும் வந்துவிட்டால் யாரும் மாடலைப் பார்ப்பதில்லை. வேகத்தைக் குறைத்து, கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் வண்டிகளில் காக்கவும் சேவை செய்யவும் என்று எழுதியிருக்கும். இவன் விலாவில் தண்டிக்கவும் அடிமைப்படுத்தவும் என்று எழுதியிருக்கிறது. பட்டப்பகலில், பெரிய எழுத்தில். ஒருவரும் படிப்பதில்லை. மற்றவர்களும் இவ்வாறே: எஃப்-22 போர் விமானம், பேவ் லோ ஹெலிகாப்டர், ஏப்ரம்ஸ் டாங்க். தீமை அரசாங்கத்தின் உடையில் ஒளிகிறது. ஏனென்றால் அந்த உடையை யாரும் கேள்வி கேட்பதில்லை. வன்னி மரத்துப் பிணம் இதுதான். இந்தப் படத்துக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தந்து உதவியது அமெரிக்க ராணுவம். அவர்கள் இதை விளம்பரமாக நினைத்துத் தந்தார்கள். பே-யும் அப்படித்தான் எடுத்தார். படம் அவர்கள் இருவருக்கும் தெரியாமல் வேறொன்றைச் சொல்லிவிட்டது என்று எனக்குப் படுகிறது.

காலி இருக்கையின் தொந்தரவைத் தீர்க்க முயன்றதும் இந்த போலீஸ்காரன் மூலம்தான். ஓட்டுநர் இல்லாத கார் ஓடினால் தெருவே நின்று பார்க்கும். பாரிகேடின் இருக்கையில் மீசை வைத்த ஒரு போலீஸ்காரனின் ஒளிப்பிம்பம் உட்கார்ந்திருக்கிறது. நெருங்கினால் மினுக்கிக் கலைகிறது. ஒரு சில நொடிகள்தான் வருகிறது. வண்டி மட்டும் நம்பும்படி இருந்தால் போதாது, அதில் உட்காருகிறவனும் அந்த வண்டிக்கு ஏற்றவனாக இருக்க வேண்டும் என்ற ஞானம் அந்த மீசையில் இருக்கிறது. பாகங்கள் தொடரத் தொடர அதுவும் மறக்கப்பட்டது.

பே-க்கு நியாயம் செய்ய 2014-ன் நான்காம் பாகத்தைச் சொல்ல வேண்டும். வேட்டையாடப்படும் ஆப்டிமஸ் ப்ரைம், டெக்ஸாஸில் மூடிப்போன ஒரு ஸினிமா கொட்டகைக்குள், துருப்பிடித்த மூக்கில்லாத மார்மன் லாரியாகக் கிடக்கிறான். காயலான் சரக்கு வாங்க வந்தவன் மலிவாக இழுத்துக்கொண்டு போகிறான். பத்து நிமிஷம் அந்தப் படம் சுவாசிக்கிறது. பிறகு அவன் ஒரு புதிய லாரியைப் பார்த்து அதன் பளபளப்பை எடுத்துக்கொள்கிறான். விளம்பர ஒப்பந்தங்கள் மறுபடி கதவைத் தட்டுகின்றன.

2018-ல் டிராவிஸ் நைட் எடுத்த 'பம்பிள்பீ'யைப் பற்றி நண்பர்களிடம் தயக்கமின்றிச் சொல்வேன், பாருங்கள் என்று. நைட் பொம்மைகளை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம் எடுத்துப் பழகியவர். கதை 1987-ல், கலிஃபோர்னியாவில். அப்பாவை இழந்த ஒரு பெண், பதினெட்டாவது பிறந்த நாளன்று, காயலான் கடையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் 1967 வருஷ பீட்டிலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அப்பா விட்டுப்போன இன்னொரு கார் வீட்டில் பாதி பிரித்துக் கிடக்கிறது. அதை அவளால் உயிர்ப்பிக்க முடியவில்லை. இது கிடைக்கிறது. இருபது வருஷப் பழசு, புதிதாக விற்பனையில் இல்லை, யாருக்கும் வேண்டாம். அந்தப் பெண்ணின் நிலையும் அந்த வீட்டில் கிட்டத்தட்ட அதுவே. ஷெட்டில் அவள் காரின் அடியில் படுத்து விளக்கை நீட்டும்போது, அங்கே ஒரு முகம் இருக்கிறது. இந்தக் காட்சி வேலை செய்வதற்குக் காரணம் ரோபோ அல்ல. அதற்கு முன் நாம் அந்தக் காரை நம்பிவிட்டோம். துரத்தி வருகிற கெட்டவர்கள் அந்தக் காலத்து ஆடம்பர வேகக் கார்கள், பிளிமத் ஸாடலைட்டும் ஜாவ்லினும். எல்லோரும் பார்க்கும் கார்கள் வேட்டையாட, யாரும் பார்க்காத கார் ஒளிகிறது. முப்பத்துநாலு வருஷம் கழித்து அந்த மலிவுக் காகித காமிக்ஸின் மெக்கானிக் ஷெட்டுக்கே திரும்பி வந்திருக்கிறார்கள்.

முடிவில் அவன் காமரோவாக மாறுகிறான். தொடரின் முந்தைய படங்களோடு கணக்குச் சரியாக வேண்டுமே. இத்தனை நாளும் இப்படி மாற முடிந்திருந்ததா என்று அந்தப் பெண்ணே கேட்கிறாள். தியேட்டரில் சிரிக்கிறார்கள். பாலத்தின் மேல் ஒரு சிவப்பு லாரியோடு சேர்ந்து அந்தக் கார் போவதைத் தூரத்திலிருந்து காட்டுகிறார்கள். மற்ற கார்களுக்கு நடுவில் எது அவன் என்று கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை.

2023-ல் வந்த படத்தில் மிராஜ் என்பவன் போர்ஷே. 1994-ன் நியூயார்க்கில் பணக்காரர்களின் பார்க்கிங் கட்டிடத்தில் நிற்கிறான். திருடுவதற்கென்றே ஒருவன் வந்து ஏறுகிறான். ஒளிந்துகொள்ளும் இடம் என்பதைவிடத் திருடனுக்கு வைத்த பொறி மாதிரி இருக்கிறது. இதற்கிடையில் அசல் தெரு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 2024 ஜூனிலிருந்து ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஓட்டுநரே இல்லாத டாக்ஸியை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். வெள்ளை ஜாகுவார், கூரை மேல் சுழலும் ஒரு கருவி, முன் இருக்கையில் ஆள் இல்லை, ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. முதல் சில வாரங்கள் போட்டோ எடுத்தார்களாம். இப்போது பக்கத்து வண்டிக்காரர்கள் விளக்கு பச்சையாகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். மீசை வைத்த போலீஸ்காரனுக்கு அங்கே வேலை இல்லை.